ஆள்காட்டி விரல் - 14 சதவிகிதம்

பி.காம். படித்தவனுக்கு உலகத்திலுள்ள சகல ஃபாரங்களையும் நிரப்பத் தெரியும் என்று எங்கள் சடையங்குப்பத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. ரேஷன் கார்டு, பாங்க் லோன், பாஸ்போர்ட்... எதுவானாலும் ஆசாமிகள் நேரே என் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். (நான் இரண்டு அரியர்ஸ் வைத்துப் பாஸ் பண்ணியவன் என்பது பரம ரகசியம். நமக்குள் இருக்கட்டும்!)

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு அண்ணன் வந்தார். மணலிப் பக்கம் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர். கூடவே ப்ளஸ் டூ படிக்கும் மகன்.

"தம்பி, இவன் பைலட்டா போறானாம். நீயே கேளு."

"நல்ல விஷயம்தானே அண்ணே. சம்பளம் லட்சக்கணக்கில்..."

"சம்பளத்த வுடு. ஒடம்பு சரியில்லன்னா இன்னா தருவானுங்க? வயசாச்சுன்னா? கை, கால் போச்சுன்னா? நம்ம கம்பெனில இன்னா தருவானுங்க? ரெண்டுத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் கணக்கு போட்டுச் சொல்லு."

அசந்து போனேன். எம்.பி.ஏ. படித்தவன்கூட வேலைக்குச் சேரும்போது இந்த மூன்று கேள்வியைக் கேட்பதில்லை. 'கேப் உண்டா, கேன்டீன் உண்டா' என்பதோடு சரி. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இந்தப் பக்கம் 'பைலட்'. அந்தப் பக்கம் 'பிரஸ்'.

டீ கொண்டுவந்த என் வீட்டம்மா எட்டிப் பார்த்தாள். "மூணாவதா ஒரு கோடு போட்டு 'பத்திரிகைக்கு எழுதறவர்'னு போடுங்களேன். ஒண்ணும் எழுத வேண்டியிருக்காது. இங்க் மிச்சம்."

காதில் விழாத மாதிரி வேலையைத் தொடங்கினேன்.

முதல் ரவுண்டு, உடம்பு. பைலட்டுக்கு விமானக் கம்பெனி குரூப் மெடிக்ளெய்ம் எடுத்துத் தரும். பெரிய ஆஸ்பத்திரி, ஏ.ஸி. ரூம் எல்லாம் உண்டு. வேலை போனால் அதுவும் போச்சு. பிரஸ் அண்ணனுக்கு ஈ.எஸ்.ஐ. 2017 ஜனவரியிலிருந்து மாசம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு உண்டு. 2019 ஜூலையிலிருந்து தொழிலாளி பங்கு 0.75 சதவிகிதம், முதலாளி பங்கு 3.25. அண்ணன் சம்பளம் 18,000. பிடித்தம் வெறும் 135 ரூபாய்! குடும்பத்துக்கே வைத்தியம். படுத்துவிட்டால் வருஷத்தில் 91 நாள் வரை 70 சதவிகிதக் கூலி. டி.பி., கேன்சர் மாதிரி 34 வியாதிகளுக்கு இரண்டு வருஷம் வரை 80 சதவிகிதம். அஞ்சு வருஷமாவது ஈ.எஸ்.ஐ.யில் இருந்து ரிட்டயர் ஆனவர்கள் மாசம் பத்து ரூபாய் கட்டினால் புருஷன், பெண்டாட்டி இருவருக்கும் வைத்தியம் தொடரும்.

"பத்து ரூபாயா? டீயே அதுக்கு மேல ஆச்சே!" என்றார் அண்ணன். முதல் ரவுண்டு பிரஸ்ஸுக்கு.

இரண்டாவது ரவுண்டு, வயசு. பைலட் 65 வரை பறக்கலாம். பிரஸ்ஸில் 58. இருபது வருஷம் சர்வீஸ் போட்டால் இரண்டு வருஷம் போனஸாகச் சேர்த்து, 15,000-ஐ 22-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாசம் 4,714 ரூபாய் பென்ஷன். ஒரு வேடிக்கை பாருங்கள். 2014 செப்டம்பருக்குப் பிறகு 15,000-க்கு மேல் சம்பளத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்கு இந்தப் பென்ஷன் கிடையாது. ஆக, இவன் பைலட்டானால் பென்ஷன் அப்பாவுக்கு மட்டும்தான்! ஆனால் பி.எஃப்.பில் சேருகிற தொகையில் பைலட் நம்மை எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிடுவார்.

"அப்ப பைலட்டுதான் கெட்டி" என்றான் பையன்.

அவசரப்படாதே என்றேன். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி ராத்திரி கடைசி விமானத்தை ஓட்டிவிட்டுப் படுத்துவிட்டது. பி.எஃப்., கிராஜுவிட்டிக்காக ஊழியர்கள் டிரிப்யூனல் படி ஏறினார்கள். 2022-ல் 'முழுசாகக் கொடு' என்று தீர்ப்பு. 2023-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொன்னது. 2024 நவம்பரில் அதே சுப்ரீம் கோர்ட், கம்பெனியைக் கலைத்து விற்கச் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் யுனைடெட் ஏர்லைன்ஸ் 2005-ல் பென்ஷன் திட்டத்தையே கைகழுவியது. அரசாங்க நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் 65 வயசு ஆகாதவர்களுக்கு உச்சவரம்பில் வெட்டு. 'அறுபதில் இறங்கு' என்று சட்டம் போட்டு பைலட்டுகளை அனுப்பியதும் அரசாங்கம்தான்!

மூன்றாவது ரவுண்டு, கை, கால். பைலட்டுக்கு வருஷா வருஷம் மெடிக்கல் செக்கப். அறுபது தாண்டினால் ஆறு மாசத்துக்கு ஒரு தரம். ஹார்ட்டிலோ கண்ணிலோ ஒரு கோளாறு என்றால் லைசென்ஸ் முடங்கும். நமக்கு ஒரு மாச லீவில் தீருகிற சமாசாரம் அவருக்கு உத்தியோகத்தையே காலி பண்ணிவிடும். அதற்காக 'லைசென்ஸ் இழப்பு இன்ஷூரன்ஸ்' என்று ஒன்று. நிரந்தரமாகத் தகுதி இழந்தால் மொத்தமாக ஒரு தொகை.

"லைசென்ஸ் தொலஞ்சா துட்டா? இவன் மாமன் பர்ஸோட ரெண்டு வாட்டி தொலைச்சானே!"

சிரித்து முடித்துவிட்டு பிரஸ் பக்கம் வந்தேன். வேலையில் அடிபட்டால், சேர்ந்தது முதல் நாளாக இருந்தாலும் ஈ.எஸ்.ஐ. உண்டு. ஆறும்வரை 90 சதவிகிதக் கூலி. உறுப்பு போனால் சட்டத்திலேயே அட்டவணை இருக்கிறது. உற்சாகமாக வாசித்தேன்: "கட்டை விரல் 30 சதவிகிதம். ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14. நடு விரல் 12. மோதிர விரல் 7..."

அண்ணன் சத்தமே இல்லை. நிமிர்ந்தேன். வலது கையை லுங்கி மடிப்புக்குள் மெள்ள இழுத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆறு மாசம் முன்னால் அவருக்கு ஆள்காட்டி விரல் போனது தெருவுக்கே தெரியும்.

"கம்பெனில பதினஞ்சாயிரம் குடுத்தாங்க தம்பி. தனியார் ஆஸ்பத்திரி செலவும் பாத்துகினாங்க. வெளிய சொல்லாதன்னாங்க."

பையன் ஓடிப்போய் சம்பள ஸ்லிப் கொண்டுவந்தான். ஈ.எஸ்.ஐ. - 135. "அது இன்னான்னு தெரியாது. மாசாமாசம் புடிப்பானுங்க" என்றார்.

தாளின் அடியில் கணக்குப் போட்டேன். தினக்கூலி 600. அதில் 90 சதவிகிதம் 540. அதில் 14 சதவிகிதம், நாளைக்கு 75 ரூபாய் 60 காசு. ஆயுள் முழுக்க. அந்தப் பதினைந்தாயிரம் ஏழு மாசத்துக்குக்கூடக் காணாது.

"வேலை செஞ்சிகினே இருந்தாலுமா?"

"இருந்தாலும்தான்."

"கேட்டா வேலைய வுட்டுத் தூக்கிட்டா?"

"கொடுக்கிறது கம்பெனி இல்லண்ணே, ஈ.எஸ்.ஐ. கம்பெனி ரிப்போர்ட் அனுப்பலேன்னா நீங்களே எழுதிக் கொடுக்கலாம்" என்றேன். அவர் முகத்தில் பயம் போகவில்லை. மூன்று வீட்டுச் செலவை என் பி.காம். சர்டிபிகேட் தாங்குமா என்று அவர் யோசித்திருந்தால் நியாயம்தான்.

ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். புதன்கிழமை காலையில் லீவு போட்டுவிட்டு வாசலில் நின்றார். பையன் மனு எழுதினான். கையெழுத்துப் போடும் இடத்தில் அண்ணன் பேனாவைக் கட்டை விரலுக்கும் நடு விரலுக்கும் நடுவே செருகிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக... பையன் பார்த்துக்கொண்டே இருந்தான். ஈ.எஸ்.ஐ. கிளை ஆபீஸில் கொடுத்து ரசீது வாங்கியாயிற்று. மெடிக்கல் போர்டு எத்தனை சதவிகிதம் சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

உங்கள் சம்பள ஸ்லிப்பை இன்றைக்கு ஒரு தரம் எடுத்துப் பாருங்கள், சார். பிடிக்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் எதிரே ஏதோ ஒன்று இருக்கிறது. கேட்டால்தான் வரும்.

அந்தத் தாளைப் பத்திரமாக மடித்து வைக்கும்போதுதான் கவனித்தேன். என் வீட்டம்மா மூன்றாவது கோட்டையும் போட்டு வைத்திருக்கிறாள். தலைப்பு மட்டும் இருக்கிறது. கீழே ஒன்றுமில்லை!