ஏலக்காய்க்கு எதற்குக் கண்ணாடிப் பொட்டலம்?

போடியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டைத் தொட்டதும் சாலையோரக் கடைகளில் ஏலக்காய்ப் பொட்டலங்கள் தொங்கத் தொடங்குகின்றன. எல்லாமே, உள்ளிருக்கும் காய் பளிச்சென்று தெரியும் பிளாஸ்டிக் கவர்கள். மூணாறு போய்த் திரும்பும் குடும்பங்கள் அவற்றைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கின்றன. அடர் பச்சை, பருத்த காய் என்றால் உடனே விலைபோகிறது.

அந்தப் பச்சையை வெளுக்க வைப்பதே வெளிச்சம்தான்.

மலைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பறித்த காயைத் தாமதிக்காமல் ஸ்டோர் எனப்படும் உலர்த்தும் கூடத்துக்குக் கொண்டுபோய், 50 டிகிரியை ஒட்டிய சூட்டில், வெயில் படாமல் உலர்த்துகிறார்கள். ஏறத்தாழ 5 கிலோ பச்சைக்காய் காய்ந்து 1 கிலோவாகிறது. காய்ந்த சரக்கையும் கறுப்பு பாலித்தீன் உறை போட்ட சாக்கில் கட்டி வைக்கிறார்கள். போடி, புற்றடி ஏல மையங்கள் வரை இருட்டிலேயே காப்பாற்றி வந்த நிறமும் மணமும் கடைசியில், வாங்குபவர் பார்க்க விரும்புகிறார் என்பதற்காக, கடை வாசல் வெயிலில் வீணாகின்றன.

மணம் விதையில் இருக்கிறது, தோலின் நிறத்தில் இல்லை. ஆனாலும் பச்சைக்கே காசு என்பதால் சாயம் பூசும் ஆசை சிலருக்கு வருகிறது. நறுமணப் பொருள் வாரியமே இதை எச்சரித்திருக்கிறது. 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட சரக்கில் அந்த ஆசை எவ்வளவு வலுவாக இருக்கும்!

பூச்சிமருந்து எச்சமோ எந்தக் கவர் வழியாகவும் கண்ணுக்குத் தெரியாது. 2023 ஜனவரியில், அதில் சேர்த்த ஏலக்காயில் எச்சம் வரம்பை மீறியதாக ஆய்வு சொன்னதால், சபரிமலை அரவணைப் பிரசாதத்தின் விற்பனையைக் கேரள உயர் நீதிமன்றம் நிறுத்தியது. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் முடங்கின. 2024 மார்ச்சில் அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குள் சரக்கு பழசாகிவிட்டது.

போடிமெட்டுக் கடைகளுக்கு வேண்டியது வெளிச்சம் புகாத உறை. அதன்மேல் பறித்த மாதம், தோட்டம் உள்ள ஊர், காயின் அளவு, எச்சப் பரிசோதனை விவரம் ஆகியவற்றை அச்சிடலாம். பார்த்து வாங்க விரும்புவோருக்கு ஒரு கிண்ணத்தில் அதே சரக்கை வைக்கலாம். வாங்குபவர் ஒரு காயைப் பிளந்து பார்க்கட்டும்: விதை கறுத்து, பிசுபிசுப்பாக, நசுக்கியதும் மூக்கில் ஏறினால் அது நல்ல காய், தோல் கொஞ்சம் வெளிறியிருந்தாலும்.