படுக்கையறையில் வாய்ப்பூட்டு



ஆண் பெண் சேர்க்கையைப் பற்றிப் பேசுவது ஆபாசம் என்று வைதீகர்கள் சொல்லுகிறார்கள். இந்நாட்டில் அதைப் பற்றிப் பேசாதவன் யார் என்று நாம் கேட்கின்றோம். ஜாதகத்தைக் கையில் எடுத்த ஜோசியன் பத்துப் பொருத்தத்தில் ஒன்றாக யோனிப் பொருத்தம் பார்க்கிறான். பெண்ணைப் பெற்றவர்களும், பிள்ளையைப் பெற்றவர்களும், தரகனும் சுற்றி உட்கார்ந்திருக்கையில், மகத்துக்கு எலி, ஆயில்யத்துக்குப் பூனை, எலியும் பூனையும் பகை, ஆகவே சேர்க்கை சுகப்படாது என்று கூசாமல் சொல்லுகிறான். கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள். பிறகு பஞ்சாங்கத்தைப் புரட்டிச் சாந்தி முகூர்த்தத்துக்கு நாழிகை குறிக்கிறான். அத்தைமார்கள் அறையை ஜோடிக்கிறார்கள். விடிந்ததும் பெண்ணின் முகத்தைப் பார்த்து வீடே கேலி பேசுகிறது. மூன்று மாதம் போனால் "விசேஷம் உண்டா?" என்று தெருவே விசாரிக்கிறது. இத்தனை பேருக்கும் வாய் உண்டு. அந்த அறைக்குள் போன இருவருக்குத்தான் வாய்ப்பூட்டு!

அவ்விருவரிலும் பெண்ணின் கதி பெரிதும் மோசம். அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று அவளுக்கு நாலு பூட்டு. "வேண்டாம்" என்றால் அடங்காப்பிடாரி. "வேண்டும்" என்றால் அதைவிடக் கெட்ட பெயர். வலிக்கிறது என்று தாயிடம் சொன்னால், "எல்லோருக்கும் அப்படித்தான், போகப் போகச் சரியாகிவிடும்" என்று தாயே அவள் வாயை அடைக்கிறாள். புருஷன் பெயரைச் சொன்னாலே அவன் ஆயுள் குறையும் என்று சொல்லி வளர்த்த பரம்பரையல்லவா! மாதவிலக்கையே "தூரம்" என்று சொல்லக் கற்றவள், தன் சரீரத்தைப் பற்றி எந்த வார்த்தையைக் கொண்டு பேசுவாள்? அந்த உறுப்புகளுக்கு நம் வீதிகளில் தாராளமாய் வழங்கும் பெயர்களெல்லாம் சண்டையில் பிறர் தாயை இழுத்து வைவதற்கே பயன்படுகின்றன. வீட்டுக்குள் வந்தால் "அது", "அங்கே" என்பதோடு சரி. டாக்டரிடம் போனாலும் இதே "அங்கே"தான்.

புருஷன் மட்டும் என்ன கண்டுவிட்டான்? தன் உடம்பைப் பற்றி அவனுக்கு ஒரு பயம் வந்தால், சுவரில் ஒட்டிய நோட்டீசைப் பார்த்து, லாட்ஜில் அறை போட்டு உட்கார்ந்திருக்கும் வைத்தியனிடம் இரகசியமாய்ப் போய், லேகியத்துக்குப் பணம் அழுகிறான். முன்பின் தெரியாத அந்த அன்னியனிடம் சொல்லக்கூடியதைக் கூடப் படுத்திருப்பவளிடம் சொன்னால் ஆண்மை போய்விடுமாம்!

"பேசாமலே எங்கள் பாட்டன்மார் பிள்ளை பெறவில்லையா?" என்பார்கள். பெற்றார்கள், மாடுங்கூடப் பேசாமல்தான் கன்று போடுகிறது. மௌனம் சம்மதம் என்ற பழமொழி எங்கே கொண்டுபோய் விட்டதென்று பாருங்கள். கல்கத்தாவில் புல்மணி என்ற சுமார் 11 வயதுப் பெண், புருஷன் சேர்ந்ததால் இரத்தம் போய்ச் செத்தாள். மனைவிக்குப் பத்து வயது கடந்திருந்ததால் அது பலாத்காரமாகாது என்றது அன்றைய சட்டம். அந்த வயதை 12 ஆக்க 1891-ல் சட்டம் வந்தபோது, மதம் போச்சு, சாஸ்திரம் போச்சு என்று கூக்குரலிட்டவர்கள் படித்த பெரிய மனிதர்களே. வயது ஏறிற்று, வழக்கம் மாறவில்லை. 2024 ஜூலை 1 முதல் அமுலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-வது பிரிவிலும், 18 வயது நிரம்பிய மனைவியைப் புருஷன் சேர்வது பலாத்காரமாகாது என்ற விதிவிலக்கு அப்படியே இருக்கிறது. அதாவது அவள் வாய் திறந்து "வேண்டாம்" என்றாலும் அந்தப் பிரிவுக்குக் காது கேட்காது.

நிற்க, நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கிய 1967-ம் வருஷத்துத் திருத்தச் சட்டம், இருவருக்கும் விளங்கும் பாஷையில், இவரை ஏற்றுக்கொள்கிறேன் என்று இருவரும் தம் வாயால் சொல்வதை விவாகமாக ஒப்புக்கொள்கிறது. மேடையில் அப்படிச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கிய சிலர், அன்று ராத்திரியே அந்தப் பாஷையை மறந்துவிடுகிறார்கள். "என் சம்சாரம் இந்த விஷயத்தில் இதுவரை ஒன்றுமே சொன்னதில்லை" என்று பெருமை வேறு! ஐயா, நீர் எப்போதாவது கேட்டதுண்டா? கேட்டு, அவள் "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டால், மறுநாள் உமது முகத்தை அவள் பயமில்லாமல் பார்க்கும்படியாகவா இருக்கிறது உமது வீடு?