பெயர் ஒன்று, ஏடு வேறு



பெண் கேட்டு வருபவர்களின் முதல் கேள்வி எது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பிள்ளை ஓதியிருக்கிறாளா, தொழுகை உண்டா, குணம் எப்படி என்பதெல்லாம் பிறகுதான். முதலில், “எந்தக் குடும்பம்? யாருடைய பேத்தி?” பதிலாக ஊரறிந்த பெயரொன்று வந்தால் முகங்கள் மலர்கின்றன. பிள்ளையின் காக்காவோ சாச்சாவோ தூளுக்கு அடிமையானவர் என்று தெரியவந்தால், கொடுத்த தேநீர் ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தப் பிள்ளை செய்த குற்றம் என்ன என்று எவரும் கேட்பதில்லை.

இம்மாதம் இதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன். நம் ஊர்க் குடும்பங்களை உதாரணம் காட்டினால் எவருடைய மனமாவது புண்படும். ஆகவே கடல் கடந்த நாட்டுப் பெயரொன்றை எடுத்துக்கொள்வோம்.

ஜேர்மன் மொழி பேசும் மக்களிடையே மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் ஒன்று ஹொப்மன். ‘ஹொப்’ என்றால் பண்ணை அல்லது அரண்மனை. ‘மன்’ என்றால் மனிதன். பெரிய பண்ணையொன்றை நிர்வகித்தவனை ஒரு காலத்தில் ஊரார் அப்படி அழைத்தார்கள். பிறகு அதுவே அவன் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பெயராக நிலைத்துவிட்டது. நம்மில் பெரும்பாலோர் வாப்பாவின் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் போடுகிறோம். ஆகவே தலைமுறைக்குத் தலைமுறை அது மாறுகிறது. அங்கோ ஒரே பெயர் நூற்றாண்டுக் கணக்கில் தொடர்கிறது. பல ஊர்களில் பல பண்ணைகள் இருந்ததால், ஒன்றோடொன்று உறவில்லாத எத்தனையோ குடும்பங்கள் இப்பெயரைச் சுமக்கின்றன. அவர்களில் உலகறிந்த சிலரைப் பாருங்கள்.

சாயமும் மாத்திரையும்

முதலாமவர் ஒகஸ்ட் வில்ஹெல்ம் ஹொப்மன். 1818 இல் பிறந்த இரசாயன ஆசிரியர். 1845 இல் லண்டனில் புதிதாகத் தொடங்கிய இரசாயனக் கல்லூரிக்குத் தலைமை தாங்கச் சென்றார். அக்காலத்தில் மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து கொயினா ஒன்றுதான். அதையும் மரப்பட்டையிலிருந்துதான் எடுக்க வேண்டும். நிலக்கரித் தாரிலிருந்து அதைச் செய்ய முடியாதா என்ற எண்ணத்தை மாணவர்களிடம் விதைத்தவர் இவர். 1856 இல் இவருடைய மாணவர் வில்லியம் பேர்க்கின், 18 வயதுப் பையன், அதைச் செய்யப் போய் ஊதா நிறச் சாயமொன்றைக் கண்டுபிடித்தார். இன்று நாம் உடுக்கும் சாரிகளின் செயற்கைச் சாயங்களுக்கெல்லாம் தொடக்கம் அதுதான். ஓர் ஆசிரியரின் பெயர் அவருடைய மாணவரால் நிலைக்கிறது என்பதற்கு இவர் நல்ல சாட்சி.

இரண்டாமவர் பீலிக்ஸ் ஹொப்மன். ஜேர்மனியின் பேயர் கம்பனியில் வேலை பார்த்த இரசாயனவியலாளர். 1897 ஓகஸ்ட் 10 ஆம் திகதி, பின்னர் அஸ்பிரின் என்று பெயர் பெற்ற மருந்தைச் சுத்தமான வடிவில் தயாரித்ததாகத் தம் குறிப்பேட்டில் எழுதினார். தலைவலிக்கும் மூட்டு வலிக்கும் உலகமெங்கும் பரவிய அந்த மருந்தைத்தான் இன்று நெஞ்சு நோயுள்ள உங்கள் வாப்பாமாருக்கு டொக்டர் சின்ன மாத்திரையாக எழுதிக் கொடுக்கிறார். (டெங்கு என்ற சந்தேகம் இருந்தால் இதைத் தொடவே கூடாது, சிறு பிள்ளைகளுக்கு டொக்டர் சொல்லாமல் கொடுக்கவும் கூடாது.)

அதே மனிதர், அதே ஆய்வுகூடத்தில், இரண்டு கிழமைக்குள் இன்னொரு பொருளையும் தயாரித்தார். லண்டனில் வேறொருவர் 1874 இலேயே செய்து பார்த்துக் கைவிட்டிருந்த பொருள் அது. இருமலுக்கு நல்ல மருந்து என்று எண்ணி 1898 முதல் கம்பனி அதை விற்றது. அதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் ஹெரோயின். ஆம், நம் வீட்டு இளைஞர்களின் உயிரைக் குடிக்கும் அதே தூள். அதன் கேடு பின்னர்தான் விளங்கியது. 1924 இல் அமெரிக்கா அதன் தயாரிப்பையே தடை செய்தது.

பீலிக்ஸ் ஹொப்மன் கெட்ட எண்ணத்தோடு அதைச் செய்தார் என்று சொல்ல முடியாது. எண்ணங்களை அறிபவன் அல்லாஹ். ஆனால் ஒரு மனிதருடைய ஒரே கையிலிருந்து இரண்டு கிழமைக்குள் இவ்வளவு வேறுபட்ட இரண்டு காரியங்கள் வெளிவந்திருக்க, ஒரு குடும்பத்தின் நூறு பேரையும் ஒரே பெயரால் எடைபோடுவது எப்படி நீதியாகும்?

அஸ்பிரினின் கதையில் இன்னொன்றும் உண்டு. அதே கம்பனியில் வேலை செய்த ஆர்தர் ஐக்கன்குருன் என்ற யூத இரசாயனவியலாளர், தாம் சொல்லிக் கொடுத்தபடியே ஹொப்மன் அதைச் செய்தார் என்று 1949 இல் எழுதி வெளியிட்டார். அதற்கு முன் நாஸிகளின் முகாமில் அடைபட்டுக் கிடந்தவர் அவர். கம்பனி அவர் சொன்னதை ஏற்கவில்லை. மனிதர் எழுதும் ஏட்டில் ஒருவருடைய உழைப்பு இன்னொருவரின் பெயரில் பதியப்படலாம். கிராமன் காத்திபீன் எழுதும் ஏட்டில் அப்படி நடக்காது.

இரண்டு ஹைன்ரிக்கள்

குடும்பப் பெயர் மட்டுமல்ல, முதற் பெயரும் ஒன்றாக இருந்தவர்களைப் பாருங்கள். ஹைன்ரிக் ஹொப்மன் என்று இருவர்.

முந்தியவர் பிராங்பேர்ட் நகரத்து டொக்டர். 1844 இறுதியில் தம் மூன்று வயது மகனுக்குப் படப்புத்தகம் வாங்கக் கடைக்குப் போனார். எதுவும் பிள்ளைக்கு ஏற்றதாகத் தெரியவில்லை. வெறும் கொப்பியொன்றை வாங்கிவந்து, தாமே படம் வரைந்து பாட்டும் எழுதிக் கொடுத்தார். நகமும் முடியும் வெட்ட மறுக்கும் பையன், நெருப்புக் குச்சியோடு விளையாடும் சிறுமி என்று அதில் வரும் பிள்ளைகள் பல நாடுகளில் பெயர் பெற்றார்கள். பின்னர் அவர் மனநோயாளர் ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பாக இருந்தார். அவர்களை அடைத்து வைக்க வேண்டியவர்களாக அல்லாமல், சிகிச்சை பெற வேண்டிய நோயாளிகளாக நடத்தினார்.

பிந்தியவர் 1885 இல் பிறந்த படப்பிடிப்பாளர். ஹிட்லரின் சொந்தப் படப்பிடிப்பாளர் இவர்தான். கொடுங்கோலனை மக்கள் நேசிக்கும் தலைவனாகக் காட்டும் படங்களை எடுத்தார். அவற்றை விற்றுப் பெரும் செல்வந்தரானார். போர் முடிந்தபின் சிறைத் தண்டனை பெற்றார்.

டொக்டரின் தேனான பெயர் படப்பிடிப்பாளரைக் காப்பாற்றவில்லை. படப்பிடிப்பாளரின் பழி டொக்டரைத் தொடவுமில்லை.

சுவிற்சர்லாந்தில் பிறந்த அல்பேர்ட் ஹொப்மன் (1906–2008) என்பவரையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தானியக் கதிரில் வளரும் பூஞ்சையொன்றை ஆராய்ந்தவர். பிரசவத்தின்பின் இரத்தப் போக்கை நிறுத்தும் மெதர்ஜின் மருந்து அந்த ஆராய்ச்சியில் பிறந்தது. அதனால் காப்பாற்றப்பட்ட தாய்மார் எத்தனையோ பேர். புத்தியைக் கலங்கடிக்கும் எல்.எஸ்.டி. என்ற போதைப் பொருளை 1938 இல் முதன்முதலாகத் தயாரித்தவரும் இவரே.

அல்ஜீரியாவில் ஒரு விடியற்காலை

கடைசியாக, நம் இதயத்துக்கு நெருக்கமானவர். 1931 இல் ஜேர்மனியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த வில்பிரைட் ஹொப்மன். சட்டம் படித்துத் தம் நாட்டின் வெளிநாட்டுச் சேவையில் சேர்ந்தார். 1961–62 இல் அல்ஜீரியாவில் பணி. பிரான்ஸின் ஆட்சிக்கு எதிரான சுதந்திரப் போர் முடியும் தறுவாய். தெருவில் நடந்து போகும் முஸ்லிம்களைச் சுட்டுத் தள்ளிய காலம் அது.

அந்த நாட்களில் ஓர் இரவு, அவருடைய மனைவிக்குக் கருச்சிதைவு தொடங்கியது. அம்புலன்ஸ் வண்டி விடியும்போதுதான் வந்து சேர்ந்தது. இரத்தம் போய்க்கொண்டே இருந்தது. மயங்கிவிடுவோமோ என்று அஞ்சிய அந்தப் பெண், தமது இரத்த வகை ‘ஓ நெகட்டிவ்’ என்று கணவரிடம் சொன்னார். அது இலேசில் கிடைக்காத வகை. வண்டியோட்டிய அல்ஜீரிய முஸ்லிம் சகோதரரின் காதில் அது விழுந்தது. என்னுடையதும் அதே வகைதான், நான் தருகிறேன் என்று அவர் முன்வந்தார்.

சகோதரிகளே, சற்று நின்று யோசியுங்கள். தம் மக்களை ஐரோப்பியர் கொன்று குவிக்கும் நேரம். வண்டியில் கிடப்பவள் ஓர் ஐரோப்பியப் பெண், முஸ்லிம் அல்லாதவள். நீங்கள் எந்தக் குடும்பம் என்று அவர் கேட்கவில்லை. அவருடைய குடும்பத்தையும் எவரும் கேட்கவில்லை.

இந்தச் சம்பவத்தை ஹொப்மன் தம் நினைவுகளில் எழுதியிருக்கிறார். இப்படிப்பட்ட மனிதர்களை உருவாக்கியது எது என்று அறியும் ஆவலில்தான் அல்-குர்ஆனின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை அவர் கையில் எடுத்தார். 1980 இல் இஸ்லாத்தைத் தழுவி முராத் வில்பிரைட் ஹொப்மன் ஆனார். 1987 முதல் 1990 வரை அதே அல்ஜீரியாவுக்கும், பின்னர் 1994 வரை மொரோக்கோவுக்கும் ஜேர்மனியின் தூதுவராக இருந்தார். இஸ்லாத்தை ஐரோப்பாவுக்கு விளக்கி நூல்கள் எழுதினார். அதற்காகச் சொந்த நாட்டில் ஏச்சும் வாங்கினார். 2020 ஜனவரியில் வபாத்தானார். அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்வானாக.

எத்தனை ஹொப்மன்கள்! ஒருவர் சாயம், ஒருவர் மருந்து, ஒருவர் பிள்ளைகளுக்குப் புத்தகம், ஒருவர் கொடுங்கோலனுக்குப் படம், ஒருவர் கலிமா. பெயர் அவர்களை ஒன்றாக்கவில்லை. தூதுவராக வரவிருந்த அந்த ஹொப்மனின் மனதை அசைத்ததோ, எந்தக் கலைக்களஞ்சியமும் இடம் கொடுக்காத ஒரு வண்டிச் சாரதியின் நற்குணம்.

“இரத்தம் பேசும்” என்பவர்களுக்கு

“மௌலவி, அவர்கள் வேறு வேறு குடும்பத்தவர் அல்லவா? ஒரே இரத்தம் என்றால் குணம் வராமல் போகுமா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரே இரத்தத்தில் பிறந்தவர்களைப் பற்றி குர்ஆன் சொன்னதைப் பாருங்கள். நூஹ் (அலை) அவர்களின் மகன் கப்பலில் ஏறவில்லை. இப்ராஹீம் (அலை) அவர்களின் தந்தை சிலை வணங்கியவர். நபி (ஸல்) அவர்களின் சொந்தச் சாச்சா அபூலஹப். அருமை மகள் பாத்திமா (ரழி) அவர்களிடமே, அல்லாஹ்வின் முன்னிலையில் தம் உறவை நம்பியிராமல் தம்மைக் காத்துக்கொள்ளும்படி நபியவர்கள் சொல்லிவிட்டார்கள். கோத்திரங்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காக; மதிப்புக்கு அளவுகோல் தக்வா மட்டுமே. ஓர் ஆத்மாவின் சுமையை இன்னோர் ஆத்மா சுமப்பதில்லை.

“கிதாபில் குஃபு பார்க்கச் சொல்லியிருக்கிறதே?” என்றும் சிலர் கேட்பர். உண்மைதான், ஷாபிஈ மத்ஹபில் வம்சமும் அதில் பேசப்படுகிறது. ஆனால் அது பெண்ணுக்கும் அவளுடைய வலீக்கும் உள்ள உரிமை. அவர்கள் பொருந்திக்கொண்டால் விட்டுக்கொடுக்கலாம். ஒருவரை இழிவாக நினைக்க அது அனுமதிச் சீட்டல்ல. குறைஷிக் குலத்துப் பெண் பாத்திமா பின்த் கைஸ் (ரழி) அவர்களுக்கு, விடுதலை பெற்ற அடிமையான ஸைத் (ரழி) அவர்களின் மகன் உஸாமா (ரழி) அவர்களை மணக்கச் சொன்னவர்களே நபி (ஸல்) அவர்கள்தான். முதலில் அந்தப் பெண்மணி விரும்பவில்லை. பிறகு மணந்து, அதில் மிகுந்த நலவைக் கண்டதாகத் தாமே அறிவித்திருக்கிறார்.

உம்மாமாரே, உங்கள் வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பிள்ளை பிழை செய்தால், “உன் வாப்பாவின் குடும்பமே இப்படித்தான்” என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு வார்த்தை, திருந்துவதற்கான வழியையே அடைத்துவிடும். செய்த பிழையை மட்டும் சொல்லித் திருத்துங்கள். “நீ இன்னாருடைய பேரன்” என்று பெருமை ஊட்டுவதைவிட, இன்று நீ என்ன நன்மை செய்தாய் என்று கேளுங்கள். மகனுக்குப் பெண் பார்க்கும்போது விசாரியுங்கள்; விசாரிப்பது தவறில்லை. ஆனால் அந்தப் பிள்ளையைப் பற்றி விசாரியுங்கள். அவளுடைய மார்க்கம், பேச்சு, பொறுமை, வேலைக்காரப் பெண்ணிடம் அவள் நடந்துகொள்ளும் முறை ஆகியவற்றைக் கேட்டறியுங்கள்.

தூளில் விழுந்த மகனை மீட்கப் போராடும் தாய் உங்கள் அயலிலேயே இருக்கலாம். அவளுடைய குமர்ப்பிள்ளை எல்லாத் தகுதியோடும் வீட்டில் காத்திருக்கலாம். அவன் செய்தது அவனுடைய ஏட்டில் இருக்கிறது. அவளுடைய ஏட்டில் அது ஒரு வரியும் இல்லை. அல்லாஹ் எழுதாததை நாம் எழுதலாமா? முடிந்தால் இந்தக் கிழமையே அந்த வீட்டுக்குப் போய் வாருங்கள். நல்ல இடம் ஒன்று தெரிந்தால் அந்தப் பிள்ளைக்காக நீங்களே பேசுங்கள்.

நாளை மறுமையில் நம் ஒவ்வொருவருடைய ஏடும் நம் கையிலேயே தரப்படும். அதை வலக்கரத்தில் வாங்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.