புரியலைன்னு சொல்லலாமா?

பகலில் நான் பி.காம். மூன்றாம் ஆண்டு. ராத்திரியில் சென்னை ஐ.ஐ.டி. மாணவன்! (சிரிக்காதீங்க, நிஜமாத்தான்.) 2020-ல் அவர்கள் ஆரம்பித்த ஆன்லைன் பட்டப்படிப்பு. தகுதித் தேர்வில் தேறினால் காமர்ஸ்காரனும் சேரலாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022-ல் யு.ஜி.சி. அனுமதித்தது வசதியாகப் போயிற்று. பாடம் வீடியோவில், பரீட்சை மட்டும் நேரில்.

சேர்ந்து படிக்க எட்டுப் பேர் ஒரு வாட்ஸ்அப் குரூப் போட்டோம். பாட்னா, ஜெய்ப்பூர், கொச்சி, குவஹாத்தி என்று பல ஊர். தமிழ்நாட்டிலிருந்து நானும் ஒரு மதுரைப் பையனும். முதல் வாரம் ஆங்கிலம். அப்புறம் இங்கிலீஷ் எழுத்தில் இந்தி. அதற்கப்புறம் ராத்திரி பதினோரு மணிக்கு நீள நீளமாக இந்தி வாய்ஸ் மெசேஜ். பைத்தானே புரியாதவனுக்கு இது வேறயா! நாங்கள் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு, தனியாகத் தமிழில் பேச ஆரம்பித்தோம்.

ஒருநாள் பாட்னா பையன் தனியாகக் கேட்டான், "எங்கள் மேல் கோபமா?" என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன்தான் எங்களை மதிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். அவனோ, தமிழ்நாட்டுக்காரர்கள் எல்லோரும் ஆங்கிலத்தில் புலிகள், தன் ஆங்கிலத்தைப் பார்த்தால் சிரிப்பார்கள் என்று பயந்துதான் வாய்ஸ் மெசேஜ் போட்டானாம். என் ஆங்கிலத்துக்கு நானே பயந்துகொண்டிருந்தது அவனுக்கு எப்படித் தெரியும்?

எங்கள் இலஞ்சியிலிருந்து குற்றாலம் கூப்பிடு தூரம். சீசனில் ஆரியங்காவு வழியாக மலையாளிகள் வந்து இறங்குவார்கள். பழக்கடை அண்ணாச்சி பாதித் தமிழ், பாதி மலையாளம், மீதிக்கு விரல் என்று மங்குஸ்தான் விற்றுவிடுவார். பக்கத்துச் செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில்தானே இருந்தது! எதிரே நிற்பவன் முழித்தால் அண்ணாச்சிக்குத் தெரிந்துவிடும். போனில் நான் முழிப்பது யாருக்குத் தெரியும்? இங்கே மௌனத்துக்கு ஆளாளுக்கு ஒரு அர்த்தம். நமக்கு அது மரியாதை, அவனுக்குக் கோபம்.

அதற்காக எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதிவிட முடியாது. 2020 ஆகஸ்டில் ஆயுஷ் அமைச்சகத்தின் ஆன்லைன் பயிற்சியில், இந்தி புரியாதவர்கள் வெளியேறலாம் என்று செயலாளரே சொன்னதாகத் தமிழக மருத்துவர்கள் புகார் செய்தார்கள். அங்கே கோபப்படத்தான் வேண்டும். கூடப் படிக்கிறவன் அரசாங்கம் இல்லையே. அவனிடம், "புரியலை, எழுத்தில் போடு" என்று முதல் வாரமே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு அசைன்மெண்ட் மிச்சமாகியிருக்கும்.

நாங்களும் யோக்கியம் இல்லை. குரூப்பிலேயே "மச்சி, அந்த ஆன்சர் என்னடா" என்று தமிழில் அடித்துக்கொண்டுதான் இருந்தோம். குவஹாத்திப் பெண்ணுக்கு இந்தியும் தாய்மொழி இல்லை, தமிழும் தெரியாது. போன வாரம்தான் கேட்டேன், எப்படி எழுதினால் வசதி என்று. எளிய ஆங்கிலம் போதுமாம், வாய்ஸ் மெசேஜ்தான் வேண்டாமாம், அவள் ஹாஸ்டலில் நெட் இழுக்குமாம். இத்தனை மாதமாக யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை!

சரி, அசைன்மெண்டுக்கு இன்று கடைசி நாள். வரட்டா?