ஒலிக்கும் ஓர் ஏட்டுக்குறிப்பு வேண்டும்

பழைய ஏட்டுச்சுவடிகளைக் கையாண்டு பழகியோர் ஒன்றை அறிவர். நூல் முடிந்தபின், கடைசி ஏட்டிலே, எழுதினவர் இன்னார், எழுதி முடித்த ஆண்டும் திங்களும் நாளும் இவை, ஏடு இன்னாருக்குரியது என்று ஒரு சிறு குறிப்பு பலவற்றிற் காணப்படும். நூலின் பகுதியன்று அது. ஆயினும் பதிப்பாசிரியருக்கு அதுவே கைவிளக்கு. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 ஆம் ஆண்டு கலித்தொகையை அச்சேற்றியபோது, ஏடு தந்து உதவியோரையும் பதிப்புரையிலே மறவாது குறித்தார். அத்தகைய குறிப்பு இற்றைநாளில் ஓரிடத்தில் அடியோடு இல்லாமற் போகின்றது. சாம்ப்ளர் எனப்படும் இசைப்பொறிக்கும் கணினிக்கும் இடையே ஒலிகள் பெயர்க்கப்படும் இடம் அது.

பண்டிதனுக்கு இங்கு என்ன வேலை என்று வினவுவார் உளர். ஒலியை அளத்தல் எமக்குப் புதிதன்று. கண்ணிமைக்கும் பொழுதையும் கைந்நொடிக்கும் பொழுதையும் மாத்திரைக்கு அளவாக்கினார் தொல்காப்பியர். இன்றைய பொறியோ ஒரு வினாடியை 44,100 கூறாக்கி, ஒவ்வொரு கூற்றையும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறித்துக்கொள்கின்றது. உடுக்கின் ஓர் அடியை இவ்வாறு பதிந்து வைத்தால், விசைப்பலகையின் கட்டையையோ றப்பர்த் தட்டையோ தட்டுந்தோறும் அவ்வடியே மீண்டும் ஒலிக்கும். அவுஸ்திரேலியாவிலே 1979 இல் வெளிவந்த பெயார்லைற் என்னும் பெரும்பொறி இவ்வகையில் முன்னோடி. இன்று எங்கள் கோயில் மேடைகளிலே இளைஞர் முன் நிற்கும் சிறு தட்டுப்பலகை அதன் பேரப்பிள்ளை.

பொறிக்குள் புகுந்த ஒலியைக் கணினிக்குக் கொண்டுசெல்லுதல் முன்னாளிலே பெருந்தொல்லை. 1983 இல் வந்த மிடி இணைப்பு வினாடிக்கு 31,250 துணுக்குகளையே கடத்தும். இசைச் சுரக்குறிகளுக்கு அது தாராளம். ஒலிக்கோ அது ஊசிமுனைத் துளை. ஒரேயொரு வினாடி ஒலியைக் கடத்த ஏறத்தாழ 45 வினாடி காத்திருத்தல் வேண்டும். 1988 இல் வந்த அக்காய் எஸ் 1000 பொறி பிளொப்பி வட்டிலே ஒலியை எழுதிற்று. ஆனால் அவ்வட்டின் அமைப்பு வேறாதலின் கணினி அதனைத் தன்னியல்பிற் படிக்கமாட்டாது, தனி மென்பொருள் வேண்டும். பொறுமையற்றோர் கம்பியொன்றால் இரண்டையும் இணைத்து, ஒன்று பாட மற்றது கேட்கும்படி பதிந்தனர். அவ்வழியில் ஒலி வந்துசேரும். அது எந்தச் சுரத்துக்குரியது, எவ்விடத்திலே மீண்டும் சுழலவேண்டும் என்னும் குறிப்புகள் வாரா. உரை இல்லாத சூத்திரம் போல அது வந்து நிற்கும். 2011 இல் வந்த றோலண்ட் எஸ்பிடி-எஸ்எக்ஸ் போன்ற பலகைகளிலே யூஎஸ்பி கம்பி ஒன்றே போதும். கண் மூடித் திறப்பதற்குள் ஒலி கடந்துவிடும்.

எளிதானதும் கவனம் குறைந்தது. கிளிநொச்சிப் பக்கத்து இசைக்குழு ஒன்றில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் தன் பலகையிலுள்ள உடுக்கொலியை எனக்கு ஒலித்துக் காட்டினான். நல்ல உடுக்கு, நாதம் தெளிவு. திரையிலே அதன் பெயர் 'யூடிகே 2' என்றிருந்தது. அடித்த கை யாருடையது என்று கேட்டேன். "தெரியாது ஐயா, வவுனியாவிலே ஒரு அண்ணா பென்னிலை போட்டுத் தந்தவர்" என்றான். அந்த அண்ணாவுக்கு வேறோர் அண்ணா தந்திருப்பார்.

இது சிறு குறையென்று கொள்ளற்க. 1969 இல் வெளிவந்த 'ஏமன், பிரதர்' என்னும் அமெரிக்க இசைத்தட்டிலே கிரெகரி கோல்மன் என்பார் ஆறேழு வினாடி தனியாக முழவு அடித்தார். அத்துண்டு சாம்ப்ளர்களிற் புகுந்து ஆயிரக்கணக்கான பாடல்களுக்கு அடித்தளமாயிற்று. அடித்தவருக்கு அதனால் ஒரு காசும் வரவில்லை. 2006 இல் வீடற்றவராய் இறந்தார். இத்தனைக்கும் அது அச்சிட்ட இசைத்தட்டு. தேடினால் பெயர் கிடைத்தது. எங்கள் உடுக்குக்கு அதுவுமில்லை.

வன்னியிலே இக்குறை இரட்டிப்பாகின்றது. முல்லைமோடிக் கூத்தின் மத்தள அடியும், பொங்கற் பறையும், அருவிவெட்டுப் பாடலும் ஏட்டிலே இருந்தவையல்ல; ஆட்களிடத்தே இருந்தவை. 2008, 2009 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்விலே ஆட்களும் போயினர், வீட்டிலிருந்த ஒலிநாடாக்களும் போயின. எஞ்சியவற்றைத்தான் இன்று பொறியிலே பிடிக்கின்றோம். இன்னொன்றும் சொல்லவேண்டும், சிலருக்குக் கசக்கலாம்: பறையடித்தவர் பெயரைத் திருவிழா விளம்பரத்திலே அச்சிடாத வழக்கம் எங்களுக்குப் பொறி கற்றுத் தந்ததன்று. நாதசுரக்காரருக்குக் கொட்டை எழுத்து. பறைக்கு வெறும் 'பறை'. அவ்வழக்கமே இப்போது கோப்புகளிற் குடிபுகுகின்றது.

பொறி வந்தால் கலைஞன் பிழைப்புக் கெடும், ஆதலால் பதிவே வேண்டாம் என்பாரும் உளர். அவர்களோடு பாதி உடன்படுகின்றேன். ஆனால் நாங்கள் பதியாவிட்டாலும் மேடை வெறுமையாக இராது. சென்னையிலிருந்து விலைக்கு வரும் ஒலித்தொகுதி அங்கே ஒலிக்கும். எங்கள் பிள்ளைகள் அதனையே உடுக்கென்று கற்பர்.

குறிப்பு எழுத இடமில்லை என்று இனிச் சாற்றுதல் இயலாது. பழைய அக்காய்ப் பொறியிலே பெயருக்குப் பன்னிரண்டு ஆங்கில எழுத்துக்கே இடம் இருந்தது உண்மை. ஆனால் ஐரோப்பிய ஒலிபரப்பாளர் சங்கம் 1997 இல் வகுத்த ஒலிக்கோப்பு முறையிலே பதிந்தவர், நாள், விளக்கம் ஆகியவற்றுக்குக் கோப்பின் உள்ளேயே இடமுண்டு. அதனைத் திறக்கத் தெரியாதோர் கோப்பின் பக்கத்திலே ஒரு பக்கம் தமிழில் எழுதி வைக்கலாம்: அடித்தவர் யார், எந்த ஊர், உடுக்கின் தோல் எது, எந்தத் தாளம், வேறிடத்திற் பயன்படுத்த அவர் இசைந்தாரா என்று. நூலகம் நிறுவனம் 2005 தொடங்கி எங்கள் நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவிலே காத்து வருகின்றது, ஒலிப்பதிவுகளையும் ஏற்கின்றது. ஒலியோடு இப்பக்கமும் அங்கே செல்லுதல் வேண்டும்.

பாடசாலைகளிலே சங்கீதமும் தமிழும் கற்பிப்போர் இதனை மாணவரின் செயற்றிட்டமாக்கலாம். பழைய பிளொப்பி வட்டுகளை வைத்திருக்கும் இசைக்குழுவினர் அவற்றை இவ்வாண்டே பெயர்த்துவிடுக. காந்தப்பூச்சு நெடுங்காலம் காத்திராது. பெயர்க்கும் அன்று, அடித்த பெரியவர் உயிரோடிருப்பின், அவரை அழைத்துப் பக்கத்தில் இருத்தி, ஒவ்வோர் ஒலியாகக் கேட்கச் செய்து, அவர் வாயாற் சொல்லும் அடியின் பெயரை அப்படியே எழுதிக்கொள்க.