கீறுவது துணியல்ல, தூசி!

காலையில் எழுந்ததும் வண்டியை உலர்ந்த துணியால் பளபளவென்று துடைப்பது நல்ல பழக்கம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது நல்ல பழக்கமன்று; வண்டியின் வண்ணப்பூச்சை நாள்தோறும் சிறிது சிறிதாக அரைத்தெடுக்கும் பழக்கம் என்பதே என் கருத்து. காரணத்தைக் கேட்டபின் நீங்களே முடிவு செய்யுங்கள்.

கறுப்புக் கார் ஒன்று வெயிலில் நிற்கும்போது, அதன்மேல் சிலந்தி வலையைப் போல் வட்ட வட்டமான கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். “வட்டமாகத் தேய்த்ததால் வந்த வினை, நேராகத் தேய்த்திருந்தால் வந்திராது” என்று பெரியவர்கள் சொல்வார்கள். இது சரிதானா என்று சோதித்துப் பார்க்கலாம். தேய்த்துத் தேய்த்துப் பழையதாகிவிட்ட எவர்சில்வர் மூடி ஒன்றை, ஒற்றை விளக்கு எரியும் அறையில் மேசைமேல் வையுங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றிக் கீறல்கள் வட்டமாகத் தெரியும். இப்போது மூடியை அசைக்காமல் உங்கள் தலையை மட்டும் நகர்த்துங்கள். பிம்பம் நகர்கிறது, வட்டங்களும் அதனுடன் நகர்கின்றன! மூடியிலேயே வட்டங்கள் பதிந்திருந்தால் அவை இடம்பெயருமா?

கீறல் என்பது நுண்ணிய பள்ளம். அதன் சரிவுகள் ஒளியைக் கீறலுக்குக் குறுக்கான திசையிலேயே சிதறச் செய்யும். பரப்பின்மீது எல்லாத் திசைகளிலும் கீறல்கள் கிடக்கின்றன. பிம்பத்தைச் சூழ்ந்தாற்போல் அமைந்தவை மட்டுமே நம் கண்ணுக்கு ஒளியை அனுப்புகின்றன. மற்றவை இருந்தும் தெரிவதில்லை. ஆகவே, கை சுழன்ற விதத்தைக் குறை கூறிப் பயனில்லை. கீறியது எது என்று கேட்பதே சரியான கேள்வி.

ஜெர்மானியக் கனிம அறிஞர் பிரெடரிக் மோஸ் 1812இல் பொருள்களின் கடினத்தை ஒப்பிட ஓர் அளவுமுறையை வகுத்தார். கடினமானது மென்மையானதைக் கீறும் என்பதே அதன் அடிப்படை. அதில் வைரத்துக்கு 10, மணலில் மிகுந்துள்ள குவார்ட்சுக்கு 7. சன்னல் கண்ணாடி ஏறத்தாழ 5.5. காரின் மேற்பூச்சோ கண்ணாடியைவிட மிக மென்மையான பிளாஸ்டிக் படலம். பூச்சு அடுக்குகள் எல்லாம் சேர்ந்தே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 மைக்ரான்தான். மேலேயுள்ள நிறமற்ற படலம் அதில் பாதியளவே இருக்கும்.

இனி, காரைக்காலை அடுத்த நெரவியில் நிற்கும் ஒரு காரை நினைத்துப் பாருங்கள். கடற்கரை தொலைவில் இல்லை. காற்றில் மணலும் உப்பும் வருகின்றன. சம்பா அறுவடைக் காலத்தில் நெல்லின் உமித்தூசியும் சேர்ந்துகொள்கிறது. உமி மென்மையானதுதானே என்று எண்ணிவிடாதீர்கள். உமியை எரித்தால் அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக எஞ்சும். அச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. நம் பாட்டிமார் உமிக்கரியால் பல் துலக்கியதும், சாம்பலால் பாத்திரம் துலக்கியதும் வீணாக அன்று! அந்தத் தூசியின்மேல் உலர்ந்த துணியைப் போட்டு அழுத்தித் தேய்த்தால், துணி உப்புத்தாளாக மாறிவிடுகிறது.

வானியலார் இதை நன்கு அறிவார்கள். ஜவ்வாது மலையில் காவலூரில் 1986இல் திறந்து வைக்கப்பட்ட தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் விட்டமுடையது. பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் அது தேய்த்து மெருகேற்றப்பட்டது. ஆடி தேய்க்கும் கலையில் முதலில் பருமனான பொடி, பிறகு மேலும் மேலும் நுண்ணிய பொடி என்று படிப்படியாகச் செல்வார்கள். ஒவ்வொரு படிக்கும் இடையில் ஆடியையும் கருவிகளையும் நன்றாகக் கழுவுவார்கள். முந்தைய படியின் பருமனான துகள் ஒன்று தங்கிவிட்டாலும் அத்தனை உழைப்பும் பாழ். ஆடிக்கு ஏற்ற அந்த விதியே காருக்கும் ஏற்றது.

பாலிஷ் என்பது எதையோ பூசிப் பளபளப்பை ஏற்றுவது என்று பலரும் கருதுகின்றனர். உண்மையில் பாலிஷ் களிம்பிலும் நுண்ணிய அரைபொருள் இருக்கிறது. கீறலின் ஆழம் மறையும்வரை சுற்றியுள்ள பூச்சையும் அது தேய்த்து எடுக்கிறது. ஒவ்வொரு முறையும் படலம் மெலிகிறது. உப்புக் காற்று வீசும் ஊரில் இரும்பைத் துருவிலிருந்து காக்கும் கவசம் அந்தப் பூச்சுதான். அழகுக்காகக் கவசத்தைத் தேய்த்துக்கொண்டே போவது அறிவுடைமையா?

“அப்படியானால் அழுக்கோடு விட்டுவிடலாமா?” என்று கேட்பீர்கள். கூடாது. உப்பும் காக்கை எச்சமும் பூச்சைக் கெடுக்கும். ஊற வைத்து விரைவில் அகற்ற வேண்டும். நான் சொல்வது வரிசையைப் பற்றி. முதலில் நீரை ஊற்றி மணலை இறக்குங்கள். சோப்பு நீருக்கு ஒரு வாளி, துணியை அலச மற்றொரு வாளி வையுங்கள். மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். சக்கரத்துக்குத் தனித் துணி. நீர் தானே வெயிலில் உலர்ந்தால் அதில் கரைந்துள்ள உப்புகள் வெண்புள்ளிகளாகப் படியும். எனவே சுத்தமான மென்துணியால் ஒற்றி எடுங்கள். பாலிஷ் போட்டே ஆகவேண்டுமென்றால் நிழலில், தகடு ஆறிய பின், சிறிதளவு களிம்பை ஒரு முழ அகல இடத்தில் மட்டும் தேய்த்து, முற்றும் காய்ந்து இறுகுமுன் வேறொரு துணியால் துடைத்துவிடுங்கள். அதிகமாகப் பூசினால் மிச்சம் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்ளும். அதை அகற்ற அழுத்தித் தேய்த்தால் மீண்டும் கீறல்தான். துணி தரையில் விழுந்துவிட்டால் உதறிவிட்டுத் தொடராதீர்கள். அலசிய பின்பே எடுங்கள்.

வாட்டர் சர்வீஸ் கடையில் வேலை செய்யும் இளைஞர்மீது பழி போடுவது எளிது. நாள் முழுதும் ஒரே வாளி நீரையும் ஒரே பனியன் வேஸ்ட்டையும் கொடுத்துவிட்டு, “ஏனப்பா கீறினாய்?” என்று கேட்பது நியாயமில்லை. அவருக்கு வேண்டியது இன்னொரு வாளியும் இரண்டு சுத்தமான துணிகளும். முதலாளிகள் அவற்றைக் கொடுக்க வேண்டும். காரைக் கொண்டு வருவோரும் அவற்றைக் கேட்க வேண்டும்.

நாளைக் காலை உங்கள் வீட்டில் யாரேனும் உலர்ந்த துணியோடு வண்டியை நோக்கிப் போனால், அந்த எவர்சில்வர் மூடியைக் காட்டிக் காரணத்தைச் சொல்லுங்கள். பிறகு ஒரு வாளி நீரை நீங்களே எடுத்துச் சென்று உதவுங்கள்.