கடல்கட்டிகள் கரையேறினர்!

தூத்துக்குடி அலைகளின் ஊர். கரையைத் தழுவும் கடலலை கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும், அது சீறினால் மீனவன் வள்ளத்தைக் கரையேற்றுவான், தணிந்தால் வலையை எடுப்பான். இன்றோ கண்ணுக்குத் தெரியாத, காதுக்குக் கேட்காத வேறோர் அலை ஊரெங்கும் உலவுகிறது. கைப்பேசி அலை! அது மூளையை உருக்கும், கருவைக் கலைக்கும், புற்றை வளர்க்கும் என்றோர் அச்சமும் கூடவே உலவுகிறது. யாரிடம்? எழுத்தறியாப் பாட்டியிடமா? இல்லை, இயற்பியல் பாடத்தில் தொண்ணூறு மதிப்பெண் வாங்கும் நம் மாணவரிடம்!

"சார், டவர் பக்கத்துல வீடு இருந்தா கேன்சர் வருமாமே?" என்கிறான் ஒருவன். "சிட்டுக்குருவியெல்லாம் டவராலதானே செத்துப்போச்சு?" என்கிறாள் ஒருத்தி. யார் சொன்னது என்று கேட்டால், "வாட்ஸ்அப்ல வந்துச்சு சார்" என்கின்றனர் இருவரும். கைப்பேசி கொல்லும் என்ற செய்தியைக் கைப்பேசியே கொண்டுவந்து தருகிறது. அதைக் கைப்பேசியிலேயே பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு, அதே கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு உறங்குகின்றனர். தெருக்கோடியில் நிற்கும் கோபுரத்துக்கு அச்சம். காதோடு ஒட்டிய கருவிக்கு அணைப்பு! இந்த அச்சத்துக்குக் கணக்கு உண்டா, அளவு உண்டா, ஆதாரம் உண்டா என்று கேட்கிறோம்.

நகையாடுவதற்காகக் கேட்கவில்லை. இளைஞரின் அச்சத்தை எள்ளி நகையாடுவது எளிது. அந்த அச்சம் எங்கே பிறந்தது, யாருக்குப் பயன்படுகிறது என்று ஆராய்வதே கடமை. ஆராயத் தொடங்கினால், இந்தக் கடற்கரைக்கு இது புதிதல்ல என்பது விளங்கும்.

முத்து விளைந்த கடல் இது. கொற்கை முத்தின் புகழ் கடல் கடந்து பரவியிருந்த காலம் ஒன்று உண்டு. மன்னார் வளைகுடாவின் பார்களில் மூச்சை அடக்கி மூழ்கிச் சிப்பி எடுத்தவன் உழைப்பாளி. அந்த உழைப்பில் பங்கு வாங்கியவர் பலர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ அந்தப் பங்குக் கணக்கை எழுதி வைத்திருக்கிறார். மன்னனுக்குப் பத்தில் ஒன்று. சுறாமீன்களை மந்திரத்தால் கட்டிவைக்கும் பார்ப்பனருக்கு இருபதில் ஒன்று! அந்தக் கட்டு பகலுக்கு மட்டுந்தானாம்; இரவில் அவிழ்த்துவிடுவார்களாம், திருட்டுத்தனமாக எவனும் மூழ்கிவிடக் கூடாதே என்று! பின்னாளில் இந்தத் தொழில் வேறு மதத்தவர் கைக்கும் வந்தது. 'கடல்கட்டி' என்று அவர்களுக்குப் பெயர். மதம் மாறியது, மந்திரம் மாறியது, கூலி மட்டும் மாறவில்லை. நீராவிக் கப்பலும் தந்தியும் வந்த பிறகுங்கூட, ஆங்கிலேயர் ஆட்சியிலும், கடல்கட்டி வந்து மந்திரம் சொல்லாமல் மூழ்குவோர் கடலில் இறங்க மறுத்தனர். எனவே அரசே அவர்களை அமர்த்தியது!

சுறாவினால் ஆபத்தே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மூழ்குவோனின் பெரும்பகை எது? நீரின் அழுத்தமும் அடக்கிய மூச்சுமே. செவிப்பறை கிழிவதும், நுரையீரல் நலிவதும், மயங்கி மாள்வதும் அவற்றின் வேலை. சுறாவுக்குப் பல் இருந்தது, பார்த்தனர், பயந்தனர். அழுத்தத்துக்குப் பல் இல்லை, பயப்பட மறந்தனர். தூத்துக்குடியின் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு ஓய்ந்தது. ஆனால் சங்குகுளித்தல் ஓயவில்லை. இன்றும் திரேஸ்புரத்துத் தோழன் கம்பிரசர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு ஆழத்துக்குச் செல்கிறான். விரைந்து மேலேறினால் குருதியில் நைட்ரசன் குமிழிகள் தோன்றும், கைகால் முடங்கும், உயிரே போகும். இந்த ஆபத்தைக் கட்ட எந்தக் கடல்கட்டியும் முன்வரவில்லை. மந்திரத்துக்குக் கூலி உண்டு; மருத்துவத்துக்கு இல்லை.

அந்தக் கடல்கட்டிகள் ஒழிந்தனரா? ஒழியவில்லை, கரையேறிவிட்டனர்! கைப்பேசியின் முதுகில் ஒட்டினால் கதிர்வீச்சை விழுங்கிவிடும் என்று ஒட்டுவில்லை விற்கிறான் ஒருவன். கழுத்தில் தொங்கவிட்டால் காப்பாற்றும் என்று பதக்கம் விற்கிறான் மற்றொருவன். இவர்கள் சில்லறை வணிகர். மொத்த வணிகம் நடந்தது தலைநகரில்! 2020 அக்டோபரில், ஒன்றிய அரசு அமைத்த ராஷ்டிரிய காமதேனு ஆயோக்கின் அன்றைய தலைவர் வல்லபாய் கதிரியா, பசுஞ்சாணத்தால் ஆன சில்லு ஒன்றை வெளியிட்டு, அது கைப்பேசியின் கதிர்வீச்சைக் குறைக்கும் என்றார். எந்த ஆய்வுக்கூடத்தில் அளந்தீர், எவ்வளவு குறைந்தது என்று நூற்றுக்கணக்கான அறிவியலாளர் கையொப்பமிட்டுக் கேட்டனர். சாணிக்குக் கதிரை விழுங்கும் ஆற்றல் உண்டென்றால், வறட்டி தட்டிய சுவருக்கு அப்பால் கைப்பேசி வாய்மூடி நிற்க வேண்டுமே! நிற்கிறதா? முன்பு சுறாவைக் காட்டி இருபதில் ஒன்று. இன்று கதிரைக் காட்டிச் சாணிக்கும் விலை!

அப்படியானால் அறிவியல் சொல்வதென்ன? கதிர்வீச்சு என்ற சொல்லே நம்மவரை நடுங்க வைக்கிறது. அணுகுண்டும் கதிர்வீச்சு, எக்ஸ்-ரேயும் கதிர்வீச்சு, ஆகவே கோபுரமும் அதே வகை என்று எண்ணுகின்றனர். விளக்கின் ஒளியும் கதிர்வீச்சுதான் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. எக்ஸ்-ரே அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பெயர்த்தெடுக்கும்; மரபணுவைச் சிதைக்கும். கைப்பேசி அலைக்கு அந்த வலு இல்லை. கண்ணால் காணும் ஒளியின் ஒரு துகள், 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு துகளைவிட ஏறத்தாழ 5 லட்சம் மடங்கு ஆற்றல் உடையது! கைப்பேசி அலையால் உறுதியாக விளையக்கூடியது வெப்பம். அந்த வெப்பம் உடலை வருத்தாதபடியே வரம்பு வகுக்கப்பட்டிருக்கிறது. 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியா, உலக நெறிமுறையின் வரம்பைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து, 900 மெகாஹெர்ட்ஸ் கோபுரத்துக்குச் சதுர மீட்டருக்கு 0.45 வாட் என்று விதித்தது. நண்பகல் வெயில் தரையில் பொழிவது ஏறத்தாழ 1000 வாட். உப்பளத்தில் கண் கூச, தோல் கருக, வெறுங்காலோடு நிற்கும் பெண்ணின்மேல் பொழிவது அந்தக் கதிர்வீச்சு. அதிலுள்ள புற ஊதாக் கதிர் தோலில் புற்றை உண்டாக்கும் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. அவளுக்காக அஞ்சியவர் எத்தனை பேர்?

"உலக நல நிறுவனமே புற்றுநோய்ப் பட்டியலில் சேர்த்ததே!" என்பர். சேர்த்தது உண்மை. அந்நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் இவ்வலைகளை '2பி' பிரிவில் வைத்தது. அதன் பொருள் 'உண்டாக்கக்கூடும் என்ற ஐயம் உண்டு. போதிய சான்று இல்லை' என்பதே. அந்த ஐயமும் தலையோடு ஒட்டிப் பேசும் கருவியைப் பற்றி எழுந்தது. கோபுரத்தைப் பற்றி முடிவு சொல்லச் சான்று போதாது என்றது அதே குழு. அதே '2பி' பிரிவில் கற்றாழை முழு இலைச் சாறும் இருக்கிறது! உறுதியாகப் புற்றை உண்டாக்கும் முதற்பிரிவில் எவை உள்ளன தெரியுமா? புகையிலை, மது, பாக்கு! கோபுரத்தை அகற்றக் கோரி மனுவில் கையொப்பமிடும் பெரியவர், வாயில் குதப்பிய வெற்றிலைபாக்குப் புகையிலையை ஓரமாகத் துப்பிவிட்டுக் கையொப்பமிடுகிறாரே, இதை எந்தச் சுவரில் முட்டிக்கொண்டு சொல்வது?

2011க்குப் பின் ஆய்வு நின்றுவிடவில்லை. உலக நல நிறுவனம் கேட்டுக்கொண்டபடி 63 ஆய்வுகளைத் தொகுத்து எடைபோட்ட அறிக்கை 2024இல் வெளிவந்தது. கைப்பேசிப் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுக்கும் தொடர்பு காணப்படவில்லை என்றது. மூளையில் கட்டியை வளர்ப்பது அலை என்றால், கைப்பேசி பெருகிய அளவுக்கு நோயும் பெருகியிருக்க வேண்டும். பெருகவில்லை. ஆய்வு தொடரட்டும், நாளை வேறு சான்று வந்தால் நம் கருத்தையும் மாற்றிக்கொள்வோம். அதுதான் பகுத்தறிவு. வாட்ஸ்அப்பில் வந்தது என்பதற்காக மாற்றிக்கொள்ள மாட்டோம்!

இன்னொன்று. கோபுரம் தொலைவில் இருந்தால் கைப்பேசி மௌனமாகிவிடாது. கோபுரத்தை எட்டுவதற்காக அது கூடுதல் வலுவோடு அலையை வீசும், அதுவும் நம் காதோரத்தில். ஊரைவிட்டுக் கோபுரத்தைத் துரத்தினால், உடலுக்குள் புகும் அலை கூடலாமே தவிரக் குறையாது.

2018இல் வெளிவந்த '2.0' திரைப்படம், கைப்பேசிக் கோபுரம் பறவைகளைக் கொல்கிறது என்ற கருத்தைக் கோடிக்கணக்கானவர் மனத்தில் பதித்தது. திரைப்படத்துக்குக் கற்பனை உரிமை உண்டு. அதைப் பாடநூலாக்கிக்கொண்டது நம் பிழை. ஓட்டுவீட்டு இறவாரம் போயிற்று, கூடு கட்ட இடம் போயிற்று. குஞ்சுக்கு ஊட்டப் புழு பூச்சி இல்லை. குருவி குறைந்ததற்கு இவற்றைக் கேட்க வேண்டாமா? 2021இல் கொரோனாவின் இரண்டாம் அலை மூச்சைப் பறித்தபோது, 'இது நோயே அல்ல, 5ஜி அலை' என்று வதந்தி கிளம்பியது. நோயை நோயென்று நம்பாதவன் முகக்கவசம் அணிவானா, ஊசி போட்டுக்கொள்வானா? பொய்யச்சம் தீங்கற்ற விளையாட்டு அல்ல, தோழர்களே. அது உயிர் குடிக்கும்!

"நிறுவனங்களுக்கு வக்காலத்து வாங்குகிறீரோ?" என்ற கேள்வி இங்கே எழும். எழவேண்டும்! இந்த ஊரில் எழாமல் வேறெங்கே எழும்? 'எல்லாம் பாதுகாப்பாகவே இருக்கிறது' என்ற சொல்லைத் தாமிர ஆலையின் புகை நடுவே நின்று கேட்ட ஊர் இது. 2013 மார்ச்சில் நச்சுக்காற்றால் கண் எரிந்து தொண்டை அடைத்த ஊர் இது. 2018 மே மாதத்தில், காற்றைக் கெடுக்காதே என்று கேட்கச் சென்ற மக்கள்மீது குண்டு பாய்ந்து 13 உயிர்களைப் பறிகொடுத்த ஊர் இது. அப்படிப்பட்ட ஊரின் பிள்ளை, அரசும் முதலாளியும் சொல்வதை ஐயுறுகிறான் என்றால், அது மடமை அல்ல, பட்டறிவு. அந்த ஐயத்தை நாம் போற்றுகிறோம். ஆனால் ஐயம் வேறு, அச்சம் வேறு. ஐயம் அளந்து பார்க்கச் சொல்லும். அச்சம் அலறி ஓடச் சொல்லும். ஆலைப் புகையை எதிர்த்தவர் கையில் கந்தக டை ஆக்சைடின் அளவு இருந்தது, நிலத்தடி நீரின் ஆய்வு இருந்தது. வழக்குமன்றத்தில் அவை பேசின. ஆதாரமற்ற கூக்குரலை அதனோடு சேர்த்தால், 'இவர்கள் எதற்கும் கத்துவார்கள்' என்று கூறி உண்மை முறையீட்டையும் புறந்தள்ள வழி பிறக்கும். அந்த வாய்ப்பை எதிரிக்குத் தரலாமா?

அலையின் அருமையை அறிய வேண்டுமா? 2018 மே மாதத்தில், துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள், தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையச் சேவையை நிறுத்தினர். கதிர்வீச்சுக்கு அஞ்சியா? செய்திக்கு அஞ்சி! 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, மின்சாரம் போயிற்று, கோபுரங்கள் ஊமையாயின. வெள்ளம் சூழ்ந்த வீட்டில் தாய் இருக்கிறாளா இல்லையா என்று அறியாமல் வெளியூர்ப் பிள்ளைகள் தவித்தனர். அன்று கொன்றது அலை அல்ல, அலை இல்லாமை! அண்டை மாநிலமான கேரளத்தில் 1997 முதல் 2001 வரை கடற்கரைக்குக் கைப்பேசி வந்தபோது, எந்தத் துறையில் விலை உண்டு என்று மீனவர் கடலிலிருந்தே கேட்டறிந்தனர். மீன் வீணாவது நின்றது, மீனவர் வருவாய் உயர்ந்தது, வாங்குவோர்க்கு விலையும் தணிந்தது என்று பொருளியல் ஆய்வு காட்டியது.

கைப்பேசியால் தீங்கே இல்லையா? உண்டு, நாள்தோறும் காண்கிறோம். விடிய விடியத் திரையைப் பார்த்து முதல் பாடவேளையிலேயே கண்செருகும் மாணவன், இருசக்கர வண்டியில் தோளுக்கும் காதுக்கும் இடையே கருவியை இடுக்கிக்கொண்டு துறைமுகச் சாலையில் லாரிகளின் நடுவே பறக்கும் இளைஞன், இணையச் சூதில் பணத்தைத் தொலைத்த குடும்பம், படத்தைக் காட்டி மிரட்டப்பட்டு வாய்திறக்க அஞ்சும் சிறுமி: இவை அல்லவா ஆபத்து? சுறாவை நோக்கிய கண், அழுத்தத்தைக் காணவில்லை. கோபுரத்தை நோக்கிய கண், கையிலுள்ளதைக் காணவில்லை!

ஆகவே நாம் கேட்பன இவை. கோபுரத்தின் அலையளவை அளந்து, அதன் அடியிலேயே, தமிழில், எவரும் படிக்கும்படி எழுதி வையுங்கள். 2017இல் ஒன்றிய அரசு 'தரங் சஞ்சார்' என்ற தளத்தைத் தொடங்கி, 4,000 ரூபாய் கட்டினால் கோபுரத்தை அளந்து காட்டுவோம் என்றது. உப்பளக் கூலிக்காரன் உண்மையை அறிய 4,000 ரூபாயா? அளந்து காட்டுவது அரசின் கடன், கட்டணம் எதற்கு? பள்ளிகளில் அலையின் வாய்பாட்டை மனப்பாடம் செய்யச் சொல்வதோடு நில்லாமல், அளவுமானியைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். தெருவுக்கு அழைத்துச் செல்வோம். அவர்களே அளக்கட்டும், குறிக்கட்டும், வரம்பு மீறியிருந்தால் அவர்களே மனு எழுதட்டும். அந்த மனுவில் முதல் கையொப்பம் நம்முடையதாக இருக்கும்.

மாணவத் தோழனே! கேள், எவரையும் கேள். நிறுவனத்தைக் கேள், அரசைக் கேள், ஆசிரியரையும் கேள். அதே துணிவோடு, உன் கைக்குள் வந்து விழும் வதந்தியையும் கேள். இருபதில் ஒன்றைக் கடல்கட்டிக்குக் கொடுத்த காலம் போதும். அளந்தறிந்தவனுக்கு மந்திரம் வேண்டாம். மந்திரத்துக்குக் கூலியும் வேண்டாம்!